மாண்டாரோவா வந்த வருஷம்

பன்னிரண்டாம் லைன், ரொண்டோனியா
9 நவம்பர் 1986

அன்புள்ள ஒடிலா அக்காவுக்கு,

தம்பி லௌரிந்தோ எழுதிக்கொள்வது. (எழுதிக்கொள்வது நான், ஸெலிந்தா. இவர் தூளிப் படுக்கையில் காலை ஆட்டிக்கொண்டு சொல்கிறார்.) இங்கே நானும் அவளும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அர்லிந்தோ மாமா இன்னும் கடலுக்குப் போய் வலையைக் கிழித்துக்கொண்டுதான் வருகிறாரா? மீனெல்லாம் அவரைப் பார்த்தால் சிரிக்கும் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் பதினோரு வருஷமாகப் பூச்சிக்குத் தீனி போட்டு வளர்க்கிறவள் நீ. அதனால் கேட்கிறேன். மழை பிடித்த மறுநாள், பொழுது சாயும் நேரம், சாம்பல் நிறத்தில் பெரிய அந்துப்பூச்சிகள் கூட்டமாக வந்தன. விரல் தடிமன் உடம்பு. பப்பாளிப் பூவின் மேல் உட்காராமல், முன்னால் அந்தரத்தில் நின்றபடியே நீள நாக்கை விட்டுக் குடிக்கின்றன. அத்தனை பூச்சி பறந்தும் சத்தமே இல்லை. காலையில் பார்த்தால் மரவள்ளி இலைகளின் மேல் பச்சை முட்டை, தனித்தனியாக, குண்டூசித் தலை அளவு. ஒரு பூச்சியைத் தீப்பெட்டியில் வைத்து இதோடு அனுப்புகிறேன். என்ன ஜந்து என்று சொல்.

ஏன் பயப்படுகிறேன் என்று உனக்கே தெரியும். அரசாங்கம் இந்த நிலத்தைக் கொடுத்து வருகிற ஆகஸ்டில் ஐந்து வருஷம் முடிகிறது. பட்டாவுக்கு ஆய்வு வரும்போது வயலில் பயிர் இருக்க வேண்டும், பயிர் வைத்த ஆம்பிளையும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் நிலம் பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். ஒன்பதாம் லைன் ரோட்டில் ஒருத்தியின் புருஷன் மேல் மரம் விழுந்தது. நாலரை வருஷ உழைப்பை விட்டுவிட்டு அவள் மூட்டை கட்டிக்கொண்டு போனாள்.

கடிதமெல்லாம் குடியேற்ற அலுவலகம் வழியாகத்தான் வருகிறது, போகிறது. குமாஸ்தா பெல்மிரோ பிரித்துப் படித்துவிட்டுத்தான் விடுகிறார். பெல்மிரோ அவர்களே, வணக்கம். உங்கள் ஊதா மைப்பெட்டியைத் தேட வேண்டாம், என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. (வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.)

கீழே என் கட்டைவிரல்.

லௌரிந்தோ

(விரலைத் தலைகீழாக, என் எழுத்தின் மேலேயே அழுத்திவிட்டார். காப்பியும் சிந்தியிருக்கிறது. மன்னியுங்கள் அண்ணி.)

*

கடலோரம், சாந்தா கத்தரீனா
3 டிசம்பர் 1986

அன்புத் தம்பி லௌரிந்தோவுக்கும் ஸெலிந்தாவுக்கும்,

நலம். முட்டி வலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. மாமா உன்மேல் கோபமாக இருப்பதாகச் சொல்லச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

உன் தீப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே சாம்பல் பொடி, ஒரு துண்டு வயிறு, ஒரே ஒரு பின்னிறக்கை. அது போதும். முன்னிறக்கை சாம்பல் நிறம் என்கிறாய். பின்னிறக்கை துருப்பிடித்த ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்புக் கரை. வயிற்றில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைகள், நடு முதுகில் சேராமல் நிற்கின்றன. சந்தேகமே இல்லை. மரவள்ளியின் எமன், மாண்டாரோவா. பிடித்து வைத்தவற்றில் முன்னிறக்கையில் கறுத்த கோடு நீளமாக ஓடினால் ஆண். வெளுத்திருந்தால் பெண்.

முட்டை நாலைந்து நாளில் பொரியும். புழு இரண்டு வாரம் தின்னும். நாலு தடவை தோலுரிக்கும். பிறந்ததும் வால் பக்கம் ஊசி மாதிரி ஒரு கொம்பு இருக்கும், வளர வளர அது குட்டையாகிவிடும். கடைசித் தோலுக்கு வந்தபின்தான் அதன் உண்மையான பசி தெரியும். அதுவரை தின்றதைப்போல மூன்று மடங்கைக் கடைசி ஐந்தாறு நாளில் தின்றுவிடும். பிறகு இறங்கிப்போய்ச் சருகுக்கடியில் கூடாகிக் கிடக்கும். மூன்று வாரத்தில் பூச்சி. மறுபடி முதலிலிருந்து.

அதனால் இப்போதே முட்டையை நசுக்கு. சின்னப் புழுவைக் கையால் பொறுக்கு. சோம்பேறித்தனம் பண்ணாதே, ஸெலிந்தாவை மட்டும் வெயிலில் விடாதே. பெல்மிரோ அவர்களே, உங்களுக்கும் வணக்கம்.

உன் அக்கா ஒடிலா

*

பன்னிரண்டாம் லைன்
4 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

லௌரிந்தோ எழுதிக்கொள்வது. ஸெலிந்தா சுகம். எனக்கு நடுக்கக் காய்ச்சல் இரண்டு முறை வந்து போனது. கசப்பு மாத்திரை தின்று நாக்கு செத்துவிட்டது. (அதனால் பேச்சு குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். கூடியிருக்கிறது.)

நீ ஒரே புழு என்கிறாய். இங்கே ஐந்து விதம் இருக்கிறது. பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, பழுப்பு, சாம்பல், மசிக் கறுப்பு. ஒரே செடியில் பக்கத்துப் பக்கத்தில் தின்கின்றன. ஆராய்ச்சிப் பண்ணையில் உனக்குச் சொல்லிக் கொடுத்தவருக்குக் கண் சரியில்லை.

பாதி வயல் குச்சியாக நிற்கிறது. காற்றில்லாத மத்தியானத்தில் நடுவில் போய் நின்றால் தின்னும் சத்தம் கேட்கிறது, அக்கா. நாலு திசையிலிருந்தும் கேட்கிறது. ஸெலிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இவளுக்கும் கேட்டது. காய்ச்சல் பிரமை இல்லை. (கேட்டது உண்மைதான் அண்ணி.)

இருவரும் பொறுக்குகிறோம். கை போதவில்லை. வேறு வழி இருந்தால் உடனே எழுது. இந்த வயல் போனால் எனக்குப் போக இடமில்லை. அங்கே வந்து மாமாவோடு வலை கிழிக்க என்னால் ஆகாது.

லௌரிந்தோ

(கை நடுங்கியது. நான் பிடித்து அழுத்தினேன். அதுதான் இரண்டு விரல் மாதிரி தெரிகிறது.)

*

கடலோரம்
27 ஜனவரி 1987

அன்புத் தம்பிக்கு,

உன் காய்ச்சல் எப்படி? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. வயல் உன்னைவிடப் பெரிதில்லை என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்.

ஐந்து நிறமும் ஒரே புழுதான். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து பச்சையும் வரும், கறுப்பும் வரும். நானே வளர்த்துப் பார்த்திருக்கிறேன், என் கண்ணில் கோளாறில்லை.

வழி இருக்கிறது. கவனமாகப் படிக்கச் சொல் ஸெலிந்தாவை. செடியின் உச்சியில், இலைக்காம்பைப் பின்னங்காலால் பிடித்தபடி, தலைகீழாகத் தொங்கிச் செத்திருக்கும் புழு கிடைக்கிறதா என்று தேடுங்கள். நிறம் வெளுத்திருக்கும். தொட்டால் தோல் கிழிந்து தண்ணீராக ஒழுகும். அது மாண்டாரோவாவுக்கு மட்டும் வரும் வைரஸ் நோய். மனுஷனுக்கும் மாட்டுக்கும் குளவிக்கும் ஒன்றும் செய்யாது. அன்றைக்குச் செத்தவற்றை எடுத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டு, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். எட்டுப் பெரிய புழு ஒரு ஹெக்டேருக்குப் போதும். வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். மிச்சத்தைக் கடைக்காரரின் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டியில் உறைய வையுங்கள், மறு வருஷமும் உதவும்.

ஒன்று மட்டும். தெளித்த மறுநாள் புழு சாகாது. நாலைந்து நாள் அதுபாட்டுக்குத் தின்னும். மருந்து பலிக்கவில்லை என்று கலங்காதீர்கள். உள்ளே எல்லாம் முடிந்திருக்கும், வெளியே தெரியாது. பிறகு மேலே ஏறும், தொங்கும்.

சீக்கிரம் பதில் போடு. பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதாக ரேடியோவில் கேட்டேன்.

உன் அக்கா ஒடிலா

*

பன்னிரண்டாம் லைன்
15 மார்ச் 1987

அன்புள்ள ஒடிலா அக்காவுக்கு,

லௌரிந்தோ எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் சுகம். உன் சுகத்தையும் மாமா சுகத்தையும் அறிய ஆவல்.

உன் கடிதம் பிப்ரவரி கடைசியில் கிடைத்தது. தொங்கும் புழுக்களைத் தேடினோம். ஓடைப் பக்கத்து வரிசையில் பதினேழு இருந்தன. காப்பி இடிக்கும் உரலிலேயே இடித்தோம். நாற்றம் மூன்று நாள் போகவில்லை. உரலை இனி காப்பிக்கு எடுக்க முடியாது. துணி இல்லாததால் கல்யாணத் தலைமுக்காட்டில் வடிகட்டினோம். நாலு மாலை தெளித்து முடிந்தது.

நீ சொன்னபடியே நடந்தது. நாலு நாள் தின்றுகொண்டேதான் இருந்தன. பிறகு எல்லாம் உச்சிக்கு ஏறின. ஆறாம் நாள் காலையில் வாசலில் நின்று பார்த்தால் வயல் முழுவதும் தொங்குகின்றன. பச்சையும் கறுப்பும் மஞ்சளும் வெளுத்து ஒரே நிறமாகிவிட்டன. காற்றுக்கு ஆடின. தின்னும் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் இல்லாதது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

செடிகள் துளிர்க்கின்றன. காய்ச்சல் விட்டுவிட்டது. இனி வராது.

லௌரிந்தோ

*

கடலோரம்
8 ஏப்ரல் 1987

அன்புத் தம்பிக்கு,

பயிர் பிழைத்தது என்று படித்ததும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காய்ச்சல் விட்டதற்கு இன்னொன்று.

ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். “இது உன் தம்பி மாதிரி இல்லையே. என்னை வையவே இல்ல” என்றார். பெல்மிரோவுக்கு வணக்கம் இல்லை. அடைப்புக்குறிக்குள் வந்து வாயடிக்கும் ஸெலிந்தா இல்லை. இருவருக்கும் சண்டையா? சண்டையென்றாலும் உன் வாய் அடங்காதே. காய்ச்சல் உன்னை ரொம்பப் படுத்திவிட்டதா? ஒளிக்காமல் சொல். எனக்காக ஒரே ஒரு தடவை நன்றாகத் திட்டி எழுது, அது போதும்.

நோய்க்குத் தப்பிய புழு சில இருக்கும். சருகைக் கிளறி, மேல் மண்ணில் கூட்டுப்புழு கிடக்கிறதா என்று பார். நாலைந்தை மண்ணோடு டப்பாவில் போட்டு அனுப்பு. உங்கள் பக்கத்துப் பூச்சியை இங்கே பொரிக்க வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மரலாரி ஓட்டும் டொரிவால் மே கடைசியில் அந்தப் பக்கம் வருகிறான். உன்னைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒடிலா

*

பன்னிரண்டாம் லைன்
10 மே 1987

அன்புள்ள ஒடிலா அக்காவுக்கு,

லௌரிந்தோ எழுதிக்கொள்வது. இருவரும் சுகம். சண்டை ஒன்றுமில்லை. எங்களுக்குள் ஒரு சொல்கூட வருவதில்லை.

திட்டி எழுதச் சொல்லியிருந்தாய். மூன்று நாள் யோசித்தேன். வரவில்லை.

நாலு கூட்டுப்புழு அனுப்புகிறேன். பளபளப்பான பழுப்பு, கறுப்புக் கோடு ஓடுகிறது. உள்ளங்கையில் வைத்தால் வயிற்றை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. கண் இல்லை, வாய் இல்லை, கால் இல்லை. ஆனாலும் கை வைத்தது தெரிந்துவிடுகிறது. இனிமேல் மண்ணைத் தோண்டச் சொல்லாதே.

ஒன்று கேட்க வேண்டும். இது பூச்சி வரும் காலமில்லை. ஆனால் தினமும் பொழுது சாயும்போது ஒன்று மட்டும் வருகிறது. முன்னிறக்கையில் கறுத்த கோடு, ஆண்தான். பப்பாளிப் பூவுக்குப் போவதில்லை. கொடியில் காயும் என் சட்டைக் கழுத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. வியர்வை உப்புக்கு வரும் என்று சொல்வாய். துவைத்த சட்டை அது. ஒரு பூச்சி எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? நீ எழுதவில்லையே.

டொரிவால் வந்தால் நான் காட்டில் வேலையாக இருப்பேன். வண்டியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிடு. இடம் இவ்வளவுதான்.

லௌரிந்தோ

*

கடலோரம்
14 ஜூன் 1987
(டொரிவால் கையில்)

ஸெலிந்தா,

இது உனக்கு மட்டும். அலுவலகம் வழியாக வராது. டொரிவால் உன் கையிலேயே தருவான்.

டொரிவால் போன வாரம் வந்தான். காப்பியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தான். “அக்கா, உங்க தம்பிய ரெண்டு தடவ பாத்தேன். போறப்போ வயல் நடுவுல தொப்பி போட்டு நின்னாரு. ஹாரன் அடிச்சேன், கைய காட்டினேன். அசையல. மூணு நாள் கழிச்சுத் திரும்பினேன். மண்டையப் பொளக்குற வெயிலு. அதே இடத்துல, அதே மாதிரி நிக்கிறாரு. நான் வண்டிய நிறுத்தல அக்கா, எனக்குப் பயமாப் போச்சு” என்றான்.

அவன் போனபின் தம்பியின் கடிதங்களையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். ஐந்து வருஷத்துக் கடிதங்கள். அவன் விரல் ஒரு தடவைகூட நேராக விழுந்ததில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு அழுத்துவான், உன் எழுத்தின் மேல் விழும். மார்ச்சிலும் மேயிலும் வந்தவற்றை ஜன்னலில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டு விரலும் ஒரே இடத்தில், நேராக, தாளின் அடியில். மே மாதக் கடிதத்தில் உனக்கு இடம் போதாமல் கடைசி வரி விரலின் மேல் ஏறியிருக்கிறது. ஊதா மை அடியில், உன் பேனா மை மேலே. விரல் முதலில் விழுந்திருக்கிறது, எழுத்து பிறகு.

நீ அனுப்பிய கூடுகளில் மூன்று பொரிந்தன. அந்தப் பூச்சி இருபது நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. நீ கேட்டதற்குப் பதில் அது.

ஸெலிந்தா, என் தம்பி எங்கே?

ஒடிலா

*

பன்னிரண்டாம் லைன்
5 ஜூலை 1987
(டொரிவால் கையில்)

அண்ணிக்கு,

சுகம் கேட்க எனக்கு வாயில்லை. அவர் போய்விட்டார். ஜனவரி பத்தொன்பது, மத்தியானம். மூன்றாவது காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. பாலம் போய் அன்றைக்கு ஒன்பது நாள். தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை, கூப்பிடவும் ஆளில்லை.

முந்தின நாள் தெளிவாகத்தான் இருந்தார். மைப்பெட்டியும் நோட்டும் கேட்டார். ஏழு வெற்றுத் தாளின் அடியில் விரலை அழுத்தினார், ஒவ்வொன்றாக, நிதானமாக. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, “எப்பவும் எழுதுறது நீதானே. நான் வெறும் வாய்தான். வாய் போனா என்ன, நீ எழுது. நிலத்த விட்டுறாத” என்றார். நான் அழுதேன். “பெல்மிரோவுக்கு வணக்கம் போட மறந்துறாத” என்றார். அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை அண்ணி. இரண்டு தடவையும் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது.

நானே தோண்டினேன். எங்கே என்று இதில் எழுதமாட்டேன். தாள் யார் கையில் போகுமோ. மண்வெட்டியில் கூட்டுப்புழுக்கள் வந்தன, வயிற்றை ஆட்டிக்கொண்டே. அவற்றையும் சேர்த்துத்தான் மூடினேன். மேலே மரவள்ளிக் குச்சி நட்டேன். ஏழாம் நாள் பூசை சொல்லவில்லை, சாமியாரிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். மருந்தைத் தனியாக இடித்தேன், தனியாகத் தெளித்தேன். இரண்டு கழியைக் குறுக்காகக் கட்டி அவர் சட்டையும் தொப்பியும் போட்டது ரோட்டில் போகிறவர்களுக்காக. இப்போது கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கே ஒரு நொடி அவர்தான் என்று படுகிறது.

அந்தப் பூச்சி இன்னும் வருகிறது.

தாள்களில் நாலு மனுவாக அலுவலகத்துக்குப் போனது, இரண்டு உங்களுக்கு வந்தது. ஒன்று பாக்கி. இதோடு இருப்பது அதுதான். ஆகஸ்டு இருபதாம் தேதி ஆய்வு. அவர் வைத்தியத்துக்கு உங்களிடம் வந்திருப்பதாகப் பெல்மிரோவிடம் சொல்லிவிட்டேன். புருஷன் நோயாளி என்றால் பெண்சாதி நின்று காட்டலாமாம், ஆனால் அவர் அங்கிருந்து விரல் வைத்து எழுதியனுப்ப வேண்டுமாம். அவர் குரலில் எழுத எனக்கு இனி வரவில்லை. நீங்கள் எழுதினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. நான் உங்களை ஏமாற்றினேன். தம்பிக்கு அழக்கூட விடவில்லை.

ஸெலிந்தா

*

கடலோரம், சாந்தா கத்தரீனா
27 ஜூலை 1987

அன்புள்ள ஸெலிந்தாவுக்கு,

உன் புருஷன் லௌரிந்தோ எழுதிக்கொள்வது. (எழுதிக்கொள்வது நான், ஒடிலா. இவன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து சொல்கிறான்.) நான் வந்து சேர்ந்தேன். இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் காப்பி மட்டும் சுகமில்லை, கழுநீர்.

மாமா என்னைக் கடலுக்குக் கூப்பிட்டார். வலையைக் கிழிக்க ஒருவர் போதும் என்றேன். ஆஸ்பத்திரியில் அக்டோபருக்கு முன்னால் ஊருக்கு விடமாட்டார்களாம். அக்கா கோயிலில் நோயாளிகள் பட்டியலில் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் என் பெயரைப் படித்தபோது இவள் அப்படி அழுதாள், பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். (அழுதேன்.)

பெல்மிரோ அவர்களே, வணக்கம். இந்த வரி உங்களுக்கு. ஆய்வின்போது என் மனைவி ஸெலிந்தா என் இடத்தில் நிற்பாள். அவள் காட்டுவது நான் காட்டுவது, அவள் சொல்வது நான் சொல்வது. சம்மதித்து விரல் வைத்திருக்கிறேன். மைப்பெட்டியை அவள் திருப்பித் தருவாள்.

ஸெலிந்தா, கிழங்கு பருத்திருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் பிடுங்கட்டும். கிழக்கோரம் எரிந்த அடிமரத்தைச் சுற்றி நிற்கும் நாலு செடியை மட்டும் தொடவிடாதே. அது நான் விதைக்குச்சிக்கு விட்டது என்று சொல்.

நம் கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஒன்பது வருஷத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் போட்டதில்லை. எப்படிப் போடுவது, எழுதுகிறவள் நீயல்லவா? உன்னைப் பற்றி உன்னையே எழுதச் சொல்ல வெட்கம். இப்போது வேறு கை கிடைத்தது, சொல்லிவிடுகிறேன். அந்த வயலைக் காப்பாற்றியது நான் இல்லை, நீ. தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்று என்மேல் கோபப்படு, உன்மேல் கோபப்படாதே. உன்னைப்போல் ஒருத்தி எனக்குக் கிடைப்பதற்கு நான் எந்தப் புண்ணியமும் செய்யவில்லை.

லௌரிந்தோ

*

பன்னிரண்டாம் லைன், ரொண்டோனியா
30 ஆகஸ்டு 1987
(டொரிவால் கையில்)

லௌரிந்தோவுக்கு,
ஒடிலா அண்ணி வீட்டு விலாசம்

உங்கள் ஸெலிந்தா எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கிடைத்தது. பெல்மிரோ சிரித்துக்கொண்டே கொடுத்தார். “உம் புருஷன் வாய் இன்னும் அப்படியேதான் இருக்கு. மைப்பெட்டியக் கொண்டா” என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆய்வு முடிந்தது. தலைநகரிலிருந்து வந்தவர் இளவயது, அவசரக்காரர். நாலு இடத்தில் பிடுங்கச் சொன்னார். கிழங்கு முழங்கை நீளம். பிறகு நேராக அடிமரத்துப் பக்கம் நடந்து போய், அங்கே செடி அதிகம் செழித்திருக்கிறதே, அதில் ஒன்றைப் பிடுங்கு என்றார். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றேன். பெல்மிரோதான் முன்னால் வந்து, “அத விட்டுருங்க சார். விதைக்குச்சிக்கு விட்டதாம், ஆளு கடுதாசியிலயே சொல்லியிருக்காரு” என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டா உங்கள் பெயருக்கு வருகிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடிமரத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது, டொரிவாலும் பார்த்திருக்க முடியாது. அண்ணி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. நீங்கள் சொல்லி அவர்கள் எழுதினார்கள் என்றால் சரி. நான் அண்ணியிடம் கேட்கப் போவதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். மழை பிடித்ததும் பூச்சி வரும். மிச்ச மருந்து கடைக்காரரின் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்வேன்.

அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்று டொரிவால் சொன்னார். மார்பை மூடிக்கொண்டு படுங்கள். நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஸெலிந்தா